ஒரு இஞ்சி பைப்புக்குள் தேசிக்காய் எப்படிப் போகும்? (பாக்டீரியாவின் புரத ஊசி பற்றி ஒரு சந்தேகம்)

#1 கல்லடிப்பாலம்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்புப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். இந்த முறை பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு சல்மொனெல்லாவின்ர ஊசியைச் செய்து வைப்பம் எண்டு பிள்ளையள் ஒற்றைக்காலில நிக்கினம். குடல் கலத்தைக் குத்தி அதுக்குள்ள தன்ர புரதத்தை ஏத்துமே, அந்த டைப் 3 சுரப்புத் தொகுதிதான்.

ஒரு நனோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் எண்டு அளவு வைச்சம். அந்தக் கணக்கில ஊசி 50 சென்ரிமீற்றர் நீளம், வெளி விட்டம் 8, உள்ளுக்கு இருக்கிற துவாரம் இரண்டரை. துவாரத்துக்கு ஒரு இஞ்சி பிவிசி பைப் சரியாப் பொருந்திச்சு. பிறகுதான் வில்லங்கம். 50 கிலோடால்ற்றன் (புரதத்தின்ர எடையை அளக்கிற அலகு) புரதம் ஒண்டு மடிஞ்சு உருண்டையா இருந்தா ஏறத்தாழ 5 நனோமீற்றர். எங்கட அளவில 5 சென்ரிமீற்றர். ஒரு பிள்ளை வீட்டில இருந்து தேசிக்காய் ஒண்டு கொண்டு வந்து பைப்பின்ர வாயில வைச்சிட்டு, "சேர், இது எப்பிடிப் போகும்?" எண்டு கேட்டவ. போத்தலுக்கு மூடி வைச்ச மாதிரி இருந்திச்சு. புத்தகப் படத்தில எண்டால் உருண்டை உருண்டையா வரிசையில போகுது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை. தெரிஞ்சவை ஆராவது சொல்லுங்கோ.

#2 உறைபனி

சார், அந்தப் பொண்ணுக்கு முதல்ல ஒரு சபாஷ். புத்தகப் படம் தப்பு. நான் ஜெர்மனியில கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில வேலை செய்றேன், இந்த ஊசியோடதான் குடித்தனம்.

மடிஞ்ச புரதம் அந்தத் துளைக்குள்ள போகாது. அவிழ்ந்த சங்கிலியாத்தான் போகும். எலுமிச்சையை எடுத்துட்டு ஒரு நூல்கண்டு வாங்குங்க. 500 அமினோ அமிலம் உள்ள புரதத்தை முழுசா நீட்டினா, ஒண்ணுக்கு 0.35 நானோமீட்டர்னு வெச்சு 175 நானோமீட்டர். உங்க அளவுல ஒண்ணே முக்கால் மீட்டர் கயிறு. ஊசியும் அடிப்பாகமும் சேர்த்தே 80 சென்டிமீட்டர்தான். அதாவது தலை எதிராளி செல்லுக்குள்ள போய்ச் சேரும்போது வால் இன்னும் பாக்டீரியாவுக்குள்ளயே கிடக்கும். புரதத்தோட முன் நுனிதான் முதல்ல நுழையும்.

யாரு அவிழ்க்கிறாங்க? பாக்டீரியாவுக்குள்ள இந்தப் புரதங்களை ஒரு துணைப்புரதம், சாப்பரோன்னு சொல்வோம், கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வரும். ஊசியோட அடியில ஆறு பேர் சேர்ந்த ஒரு ஏடிபி-ஏஸ் வளையம் இருக்கு, ஏடிபிங்கிற செல்லோட எரிபொருளை உடைக்கிற நொதி. அது சாப்பரோனைக் கழட்டி விட்டுட்டு சரக்கையும் அவிழ்க்குதுன்னு 2005-ல அகேதாவும் காலானும் காட்டினாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை 2014-ல வந்தது. சுரக்க வேண்டிய புரதத்தோட வால்ல பச்சையா ஒளிரும் ஜிஎஃப்பியை ஒட்டி வெச்சாங்க. ஜிஎஃப்பி ஒரு பீப்பா மாதிரி இறுக்கமா மடிஞ்சது, லேசுல அவிழாது. கயிறு ஊசிக்குள்ள போயிடுச்சு, பீப்பா அடிவாசல்ல மாட்டிக்கிச்சு. மாட்டின நிலையிலயே நுண்ணோக்கியில வெச்சுப் பார்த்தா, காலியா இருக்கவேண்டிய துளைக்கு நடுவுல சங்கிலி தெரிஞ்சது. 2021-ல அதையே இன்னும் துல்லியமா எடுத்துட்டாங்க.

#3 கடைமடை

தேசிக்காய் என்றால் எலுமிச்சம்பழமா வாத்தியாரே? இரண்டு தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. நல்ல இழை, தொடருங்கள். நெல்லில் இதே ஊசி இருக்கிறது. சாவகாசமாக வந்து எழுதுகிறேன்.

#4 சந்தேகப்பிராணி

உறைபனி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இயற்பியல்காரன், எனக்கு ஒன்று உதைக்கிறது. கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது. ஒண்ணே முக்கால் மீட்டர் நூலை ஒரு முனையில் பிடித்துத் தள்ளி இன்னொரு முனைக்கு அனுப்பிப் பாருங்கள், கையிலேயே சுருண்டு கிடக்கும். மறுமுனையில் இழுப்பதற்கு ஆள் இல்லை. அடியில் ஆறு பேர் கொண்ட வளையம் இருக்கிறது என்கிறீர்கள். அது தள்ளுகிறதா?

#5 உறைபனி

இதுக்காகத்தான் உங்க பெயரைப் பார்த்ததும் பயந்தேன் :)

அந்த வளையம்தான் மோட்டார்னு எல்லாரும் ரொம்ப நாள் நம்பினோம். 2008-ல ஒரே சமயத்துல ரெண்டு குழுக்கள் நேச்சர்ல எழுதினாங்க. பாக்டீரியா நீந்துற கசையிழைக்கும் அடியில இதே மாதிரி ஒரு ஏற்றுமதிக் கருவி உண்டு. அங்க ஏடிபி-ஏஸை எடுத்துட்டு, கூடவே அதைக் கட்டுப்படுத்துற புரதத்தையும் எடுத்தா, ஏற்றுமதி மெதுவாவாவது நடக்குது. ஆனா உட்சவ்வுக்கு (இந்த பாக்டீரியாவுக்கு உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணுன்னு ரெண்டு சவ்வு) ரெண்டு பக்கமும் இருக்கிற புரோட்டான் வித்தியாசத்தைக் குலைச்சா நின்னுபோகுது. அதனால முக்கியமான எரிபொருள் புரோட்டான் விசை. ஏடிபி-ஏஸ் வாசல்ல நின்னு சரக்கைப் பிரிச்சுக் குடுக்கிற ஆள்னு இப்ப சொல்றோம்.

சுருண்டுக்கும்னு சொன்னீங்களே, இரண்டரை நானோமீட்டர் குழாய்க்குள்ள சுருளவே இடம் கிடையாது. அகலத்துல ஒரு ஆல்ஃபா சுருளுக்கு (சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுத்தின வடிவம்) மேல அடங்காது. குழாய்தான் கயிற்றை நேரா வெச்சிருக்கு. ஆனா புரோட்டான் விசை எப்படிச் சங்கிலியை நகர்த்துதுங்கிற இயக்கமுறையில ஆய்வகத்துக்கு ஆய்வகம் சண்டை. நான் ஒரு கட்சியில சேர்ந்து பேச விரும்பல.

வேகம் மட்டும் தெரியும். சல்மொனெல்லா சிப்-ஏ புரதத்தை செல்லுக்குள்ள ஏத்துறதை 2005-ல நேரடியா அளந்தாங்க. வினாடிக்கு 7-லேருந்து 60 மூலக்கூறு. சிப்-ஏல 685 அமினோ அமிலம்.

#6 கல்லடிப்பாலம்

கோடி நன்றி. தேசிக்காய் கொண்டு வந்த பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டினன், அவவுக்கு வலு சந்தோசம்.

அடுத்த சந்தேகம் அடிப்பாகத்தில. சின்னப் பிள்ளையளின்ர பழைய சைக்கிள் றிம் ரெண்டு கிடைச்சுது. ஒவ்வொண்டும் 25 சென்ரிமீற்றர் மட்டில, உட்சவ்வு வளையத்துக்குச் சரி. ஆனா ரெண்டு படம் ரெண்டு விதமாக் காட்டுது. ஒண்டில வளையங்களுக்குக் கீழ ஒண்டும் இல்லை, மொட்டையா முடியுது. மற்றதில கீழ ஆறு காலில ஒரு கூடு தொங்குது, நடுவில ஒரு உருண்டை. எதைச் செய்யிறது? பிறகு, எத்தினை வளையம், ஒவ்வொண்டிலயும் எத்தினை துண்டு எண்டும் சொல்லுங்கோ.

#7 உறைபனி

சார், ரெண்டு படமும் சரி. வித்தியாசம், ஒண்ணு கழுவி எடுத்தது, இன்னொண்ணு கழுவாதது. இதை நான் கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா என் வயிற்றெரிச்சல் இதுலதான் இருக்கு.

இந்த ஊசியை முதல்ல கண்ணால பார்த்தது 1998-ல. குபோரி, ஐசாவா, காலான் குழு. சல்மொனெல்லாவைச் சவ்வூடு அதிர்ச்சியில உடைச்சு, நெகட்டிவ் ஸ்டெயின் போட்டுப் பார்த்தா, சவ்வுல முள்ளுமுள்ளா நிக்குது. அப்புறம் தனியாப் பிரிச்செடுத்தாங்க. பார்க்கக் கசையிழையோட அடிப்பாகம் மாதிரியே. அந்த மொட்டைப் படத்தோட பூர்வீகம் அதுதான்.

பிரிச்செடுக்கிறதுன்னா என்னன்னு சொல்றேன். ஆறு லிட்டர் வளர்ப்பு. லைசோசைம் போட்டு செல் சுவரைத் தின்னவைக்கணும். டிடர்ஜென்ட் ஊத்தினதும் கலங்கின திரவம் சட்டுனு தெளிஞ்சு, டிஎன்ஏ வெளியே வந்து வெண்டைக்காய்க் கொழகொழப்புல நூலா இழுக்கும். அப்புறம் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ், சீசியம் குளோரைடு அடுக்கு. குழாய்ல ஒரு இடத்துல லேசா வெள்ளைப் பட்டை மாதிரி தெரியும். தெரியாமலும் போகும். அதை உறிஞ்சி எடுத்தா மிச்சம் இருக்கிறது சோப்புக்கும் உப்புக்கும் தாக்குப்பிடிச்ச பாகம் மட்டும். வளையங்கள், ஊசி, நடுவுல வாசல். கீழ சைட்டோபிளாசத்துல தொங்கிட்டு இருந்த எல்லாம் முதல் கழுவல்லயே போச்சு. நானும் கழுவிக் கழுவி, கிரிட்ல உறைய வெச்சு, ஆயிரக்கணக்குல படம் எடுத்திருக்கேன். ஒண்ணுல கூட அந்த ஆறு கால் கிடையாது.

கால் தெரிஞ்சது கழுவாம பார்த்தப்போ. பாக்டீரியாவை அப்படியே உறையவெச்சு டோமோகிராஃபி (பல கோணத்துல படம் பிடிச்சு முப்பரிமாணமா சேர்க்கிறது) எடுக்கணும், ஆனா முழு சல்மொனெல்லா எலக்ட்ரான் கதிருக்கு ரொம்பத் தடிமன். அதனால செல் பிரியறதைக் கெடுத்து, ஓரத்துலேருந்து குட்டிக்குட்டியா மொட்டு விடவைச்சாங்க. மினிசெல். குரோமோசோம் இருக்காது, ஆனா ஊசி இருக்கும். ஷிகெல்லாவுல (வயிற்றுக்கடுப்புக் கிருமி) 2015-லயும் சல்மொனெல்லாவுல 2017-லயும் அப்படித்தான் அந்தக் கூட்டைப் பார்த்தாங்க. உட்சவ்வுக்குக் கீழ ஆறு தூண், அதுங்களை இணைக்கிற ஆரங்கள், நடுவுல ஏடிபி-ஏஸ். எந்தச் சரக்கு முதல்ல, எது அப்புறம்னு வரிசைப்படுத்துறது அந்த மேடை. இத்தனை வருஷமா "ஊசியின் கட்டமைப்பு"னு நாங்க பேசினது சோப்புல கரையாத பாதியை.

அதனால ஆறு காலோட செய்யுங்க. எண்ணிக்கை: உட்சவ்வு வளையங்கள் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் 24 துண்டு. வெளிச்சவ்வுல செக்ரெட்டின் வளையம், 15. உட்சவ்வு வளையத்துக்கு நடுவுல வாசல், அது மூணு விதப் புரதம் 5, 4, 1-னு சேர்ந்தது. அதுக்குக் கீழ 9 பேர் வளையம் ஒண்ணு. அதுக்கும் கீழ 6 பேர் ஏடிபி-ஏஸ். ஊசி மட்டும் வளையம் கிடையாது, திருகு. ஒரு சுற்றுக்கு 5.7 துண்டு, ஒவ்வொண்ணும் 0.42 நானோமீட்டர் மேல ஏறும். 50-ஐ 0.42-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 120. களிமண்ல 120 உருண்டை பிடிச்சு பைப்பைச் சுத்தி ஒட்டுங்க. 8 சென்டிமீட்டர் தடிமன் தானா வரும்.

வாசல் பத்தி இன்னொண்ணு. அது சவ்வுக்குள்ள பதிஞ்சிருக்கும்னுதான் எல்லாரும் வரைஞ்சோம். 2018-ல கசையிழையோட வாசலைக் கிரையோல பார்த்தா, அதுவும் லேசா திருகின அமைப்பு, சவ்வுத் தளத்துக்கு மேல ஏறி உட்கார்ந்திருக்கு. ஊசியோட திருகு அங்கேயே ஆரம்பிக்குது.

#8 சந்தேகப்பிராணி

24-உம் 15-உம் ஒன்றுக்கொன்று பொருந்தாதே. ஒரு பல்சக்கரத்தில் 24, அதன்மேல் 15 என்றால் எந்தத் தச்சனும் துரத்தி அடிப்பான். எண்ணியது தப்பாக இருக்கலாம் அல்லவா?

#9 பெட்ரித்தட்டு

தப்பா எண்ணியும் இருக்காங்க. செக்ரெட்டின் வளையம் டைப் 2-ங்கிற இன்னொரு சுரப்பு அமைப்புலயும் இருக்கு. காலரா கிருமியோடதை 2010-ல பார்த்தப்போ 12-னு சொன்னாங்க. 2017-ல தெளிவு கூடினதும் 15-னு ஆச்சு. மங்கலான படத்துக்கு 12-ஆ 15-ஆன்னு சொல்ற சக்தி கிடையாது. ஆனா இப்போ இருக்கிற படத்துல தனித்தனி அமினோ அமிலமே தெரியுது, 24-உம் 15-உம் பொருந்தாததுதான் நிஜம். நடுவுல இருக்கிற இழைகள் வளைஞ்சு கொடுத்துப் பிடிச்சுக்குது.

தேசிக்காய்க்கு வர்றேன். முழுசா மடிஞ்ச புரதத்தை அப்படியே வெளியே அனுப்புற இயந்திரமும் உண்டு. அதுதான் இந்த டைப் 2. காலரா நச்சு ஒரு ஏ, அஞ்சு பி சேர்ந்தது, மொத்தம் 85 கிலோடால்டன் சுமார். துண்டுகள் தனித்தனியா செக் வாசல் (உட்சவ்வுல இருக்கிற பொதுவான புரதக் கதவு) வழியா, அவிழ்ந்த நிலையில உட்சவ்வைத் தாண்டும். ரெண்டு சவ்வுக்கும் நடுவுல இருக்கிற பெரிபிளாசத்துல மடிஞ்சு ஆறும் ஒண்ணு சேரும். அப்புறம் முழுப் பொட்டலமா வெளிச்சவ்வைத் தாண்டும். அடியிலேருந்து ஒரு குட்டி இழை பிஸ்டன் மாதிரி வளர்ந்து தள்ளுதுன்னு கருத்து. அதனால டைப் 2-ஓட வளையம் அகலம். அந்த நச்சு இருக்குன்னு 1959-ல கல்கத்தாவுல சம்புநாத் தே நிரூபிச்சார், முயல் குடலைக் கட்டி வெச்சு. அவருக்கு அது எந்த வாசல் வழியா வருதுன்னு தெரிய வழியே இல்ல.

டைப் 1-ங்கிற இன்னொரு இயந்திரத்துல பெரிபிளாசத்துல நிக்கிறதே கிடையாது. ஈ.கோலையோட ஹீமோலைசின் 1,024 அமினோ அமிலம், உள்ளேருந்து ஒரே ஓட்டமா வெளியே. டோல்-சினு ஒரு குழாய், 14 நானோமீட்டர் நீளம், 2000-ல கட்டமைப்பு வந்துச்சு. வெளியே கால்சியம் பட்டதும்தான் மடியும். உள்ள கால்சியம் ரொம்பக் கம்மி, அதனால உள்ள மடிய முடியாது.

#10 வேடிக்கைபார்ப்பவன்

இவ்வளவு பாகங்கள் இத்தனை துல்லியமாகச் சேர்ந்திருப்பதைப் பார்த்தும் இது தானாக வந்தது என்கிறீர்களா? ஒரு பாகத்தை எடுத்தாலும் ஓடாது. யாரோ வடிவமைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று?

#11 சந்தேகப்பிராணி

இந்த வாதம் 2005-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், டோவர் வழக்கில், நீதிமன்றமே ஏறிவிட்டது. கசையிழையில் ஒரு பாகத்தை எடுத்தால் பயனில்லை என்றார்கள் ஒரு தரப்பார். கசையிழையின் சில பாகங்கள் டைப் 3 ஊசியில் வேறு வேலை செய்கின்றனவே என்று மறுதரப்பு காட்டியது. தீர்ப்பு மறுதரப்புக்குத்தான் போனது.

ஆனால் நம் பக்கத்து ஆட்கள் செய்யும் தப்பையும் சொல்லிவிடுகிறேன். "ஊசி முதலில் வந்தது, அதிலிருந்து கசையிழை வந்தது" என்று பலர் எழுதுகிறார்கள். 2012-இல் அபியும் ரோச்சாவும் நூற்றுக்கணக்கான மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் வந்த விடை நேர்மாறு. கசையிழையிலிருந்துதான் ஊசி வந்திருக்கிறது. சுழலும் பாகங்கள் உதிர்ந்தன, செக்ரெட்டின் வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டியது. பாகங்களை இழந்தும் வேறு வேலைக்கு ஓடுகிறது என்பது மட்டும் மாறவில்லை.

#12 மட்டுறுத்துநர்

வடிவமைப்பு விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஊசியோடு நிற்போம்.

#13 கடைமடை

சாவகாசம் கிடைத்தது. நான் டெல்டாவில் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நுண்ணோக்கிப் படம் எல்லாம் எனக்கு எட்டாது. ஆனால் இந்த ஊசிகள் வேலை செய்வதை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன்.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல். சம்பாவில் தூறல் விட்டு விட்டுப் பெய்து, காற்றும் அடித்து, யூரியாவும் கூடப் போயிருந்தால் வந்தே தீரும். இலை நுனியிலிருந்து ஓரமாக வைக்கோல் நிறத்தில் அலை அலையாக இறங்கும். சத்துக் குறையா நோயா என்று விவசாயி கேட்டால் நாங்கள் செய்வது ஒரு டம்ளர் சோதனை. கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, வெட்டிய முனையைத் தோய்த்துப் பிடிக்க வேண்டும். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கசிவது போல வெள்ளை இழை இறங்கும். அத்தனையும் சாந்தோமோனாஸ் ஒரைசே. சாணக் கரைசலை வடிகட்டித் தெளிக்கச் சொல்வோம், மேலுரத்தை நிறுத்தச் சொல்வோம்.

இந்தக் கிருமிக்கு டைப் 2-உம் இருக்கிறது, டைப் 3-உம் இருக்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பி என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தில் ரமேஷ் சோண்டி குழுவினர் இவை இரண்டுக்கும் நடுவே நடக்கும் கூத்தைப் பிரித்துக் காட்டினார்கள். டைப் 2 வழியாக செல்லுலேஸ், சைலனேஸ் போன்ற நொதிகள் வெளியே வந்து நெல்லின் செல்சுவரை அரிக்கின்றன. சுவர் அரிபட்டால் நெல் சும்மா இருக்குமா, தற்காப்பை எழுப்புகிறது. திருடன் ஓட்டைப் பிரிக்கும் சத்தத்தில் வீட்டுக்காரன் விழித்துக்கொள்வது மாதிரி. அப்போது டைப் 3 ஊசி வழியாக உள்ளே போகும் புரதங்கள் அந்த விழிப்பை அடக்குகின்றன. டைப் 3 கெட்டுப்போன கிருமியை ஏற்றினால் நெல் நன்றாக எதிர்க்கிறது. டைப் 2-ஐயும் சேர்த்துக் கெடுத்துவிட்டால் எதிர்ப்பே எழுவதில்லை. ஓட்டைப் பிரிக்க ஆள் இல்லை, விழிக்கவும் காரணம் இல்லை.

வாத்தியார் கவனிக்க வேண்டியது ஒன்று. செடியைத் தாக்கும் கிருமிகளின் ஊசி உங்கள் 50 சென்டிமீட்டரில் நிற்காது. செல்சுவரைத் தாண்ட வேண்டுமே. 1997-இல் தக்காளிப் புள்ளிநோய்க் கிருமியில் முதலில் பார்த்தார்கள், பல மைக்ரோமீட்டர் நீள மயிர் போல வளர்கிறது. இரண்டு மைக்ரோமீட்டர் என்று வைத்தாலே உங்கள் அளவில் 20 மீட்டர். வகுப்பறையை விட்டு வெளியே போய்விடும்.

#14 பெட்ரித்தட்டு

ஐயா, அற்புதம். அதுல இன்னொரு அடுக்கு இருக்கு. பி.பி.டி 5204, அதான் சம்பா மசூரி, அதுல மூணு எதிர்ப்பு மரபணு ஏத்தி 2008-ல மேம்பட்ட சம்பா மசூரி வெளியிட்டாங்க. Xa21-னு எழுதுறதை நம்ம எழுத்துல எக்ஸ்ஏ 21-னு வெச்சுக்கலாம், கூட எக்ஸ்ஏ 13, எக்ஸ்ஏ 5. இந்த மூணையும் கிருமியோட வாசல்கள் பக்கத்துலேருந்து பார்த்தா வேடிக்கையா இருக்கும்.

ஊசி வழியா போற சரக்குல டேல் புரதங்கள்னு ஒரு கூட்டம். நூறு கிலோடால்டனுக்கு மேல. 34 அமினோ அமிலத் துண்டு திரும்பத் திரும்ப வரும், அந்த வரிசை டிஎன்ஏ எழுத்தைப் படிக்கும். 2009-ல அந்தக் குறியீட்டை உடைச்சாங்க. ஊசியில நூலா போய், நெல் செல்லுக்குள்ள திருகா மடிஞ்சு, உட்கருவுக்குள்ள ஏறி, சர்க்கரையை வெளியே விடுற ஸ்வீட் மரபணுவைத் தட்டி எழுப்பும். கிருமிக்கு விருந்து. எக்ஸ்ஏ 13-ங்கிறது என்னன்னா, அந்த ஸ்வீட் மரபணு முன்னாடி இருக்கிற எழுத்து மாறிப்போன நெல். டேல் வந்து தேடும், உட்கார இடம் கிடைக்காது. எக்ஸ்ஏ 5-ல, டேல் கூட்டு சேர்ற நெல்லோட சொந்தப் புரதம் ஒண்ணு லேசா மாறியிருக்கும், கை கோர்க்க முடியாது. ரெண்டும் டைப் 3 சரக்குக்கு எதிரான பூட்டு.

எக்ஸ்ஏ 21 வேற ரகம். மாலி நாட்டுக் காட்டு நெல்லுலேருந்து வந்தது, 1995-ல பமேலா ரொனால்ட் குழு பிரிச்செடுத்தாங்க. கிருமியில அது எதைக் கண்டுபிடிக்குதுன்னு 2009-ல ஒரு புரதத்தைச் சொன்னாங்க. அப்புறம் தங்கள் வேலையிலேயே பிழை இருக்குன்னு கண்டுபிடிச்சு 2013-ல அந்தக் கட்டுரையைத் தாங்களே திரும்ப வாங்கினாங்க. 2015-ல சரியான ஆள் கிடைச்சது, ராக்ஸ்-எக்ஸ்னு ஒரு குட்டிப் புரதம். அது வெளியே வர்றது டைப் 1 வாசல் வழியா. அதே டோல்-சி ஜாதிக் குழாய். ஒரே கிருமி, மூணு வாசல். நெல் மூணையும் காவல் காக்குது.

(என் சொந்த வேலை காசநோய்க் கிருமியில, டைப் 7. ரெண்டே வரி: பிசிஜி தடுப்பூசிக் கிருமி ஆய்வகத்துல வளர்ந்தப்போ தொலைச்ச மரபுத் துண்டுல ஒரு டைப் 7 இயந்திரத்தோட முக்கியப் பாகங்கள் போச்சு. அதனாலதான் அது வழியா வர்ற ஈசாட்-6, சிஎஃப்பி-10 ரெண்டையும் வெச்சு செய்யற புதுத் தோல் பரிசோதனை பிசிஜி போட்டவங்களைத் தப்பாக் காட்டுறதில்லை.)

#15 கல்லடிப்பாலம்

வாசிச்சு முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறிப்போச்சு. பிள்ளையள் 120 களிமண் உருண்டை பிடிச்சிட்டினம். இப்ப கேள்வி, 120-ஓட நிப்பாட்ட வேணும் எண்டு பற்றீரியாவுக்கு ஆர் சொன்னது?

#16 உறைபனி

இதுல நான் ஒரு கட்சி. யெர்சினியா, அதான் பிளேக் கிருமியோட குடும்பம், அதுல ஒய்எஸ்சி-பினு ஒரு புரதம். 2003-ல கோர்னெலிஸ் குழு அதை நறுக்கிப் பார்த்தாங்க. புரதம் குட்டையானா ஊசியும் குட்டை, நீட்டினா ஊசியும் நீளம். ஒரு அமினோ அமிலத்துக்கு 1.9 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.19 நானோமீட்டர். கோடு போட்டா நேர்கோடு. அந்தப் புரதம்தான் அளவுகோல். வளர்ற ஊசிக்குள்ள அது நீண்டு நிக்கும், முழுசா நீண்டதும் அதோட பின்பாகம் வாசல்ல போய் "போதும், சரக்கு மாத்து"னு சொல்லும்.

#17 சந்தேகப்பிராணி

சல்மொனெல்லாவில் அப்படி இல்லை என்று 2006-இல் வந்ததே. அடியில் இருக்கும் உள்தண்டு கட்டி முடியும் நேரம்தான் ஊசியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது, அது கடிகாரம், அளவுகோல் அல்ல என்று.

#18 உறைபனி

வந்தது. படிச்சப்போ எனக்கும் பிடிச்சிருந்தது. ஆனா கடிகாரம் ஓடணும்னா உள்தண்டு நீளமா, நிறையத் துண்டுகளோட இருக்கணும். 2016-ல எண்ணிப் பார்த்தா ஊசி ஒண்ணுக்கு ஆறு சுமார்தான். ஆறு துண்டுல என்ன கடிகாரம்? 2015-ல சல்மொனெல்லாவிலயே அளவுகோல் புரதத்தை நீட்டிக் குறைச்சு ஊசி நீளம் மாறுறதைக் காட்டிட்டாங்க.

#19 சந்தேகப்பிராணி

ஆறு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு அமினோ அமிலத்துக்கு 1.9 என்பது முழுதாக நீட்டிய 3.5-உம் இல்லை, சுருளின் 1.5-உம் இல்லை. பாதி சுருண்ட அளவுகோலை வைத்து எந்தக் கடையில் துணி அளப்பார்கள்?

#20 உறைபனி

எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி சுருண்டிருந்தா அளக்கலாம். ஒரே பாக்டீரியாவுல குட்டை அளவுகோலும் நெட்டை அளவுகோலும் சேர்ந்து இருந்தா, ஊசிகளும் ரெண்டு நீளத்துல வருது, நடுத்தரம் வர்றதில்ல. ஒரு ஊசிக்கு ஒரு அளவுகோல்.

#21 கல்லடிப்பாலம்

தேசிக்காய்ப் பிள்ளையின்ர கடைசிக் கேள்வி. எல்லாத்தையும் ஊசி வெளியில அனுப்புது எண்டால், ஊசியை ஆர் வெளியில அனுப்பினது?

#22 பெட்ரித்தட்டு

அந்தப் பொண்ணை என் ஆய்வகத்துக்கு அனுப்புங்க சார். ஊசித் துண்டுகள் அந்தத் துளை வழியாவே ஒவ்வொண்ணா ஏறிப் போய் நுனியில ஒட்டும். அடியிலேருந்து வளர்ற மயிர் மாதிரி இல்ல, நுனியில வளரும். ஆனா வளையங்கள் அப்படி வர முடியாது, அப்போ துளையே இல்லையே. அந்த மூணு வளையத்தோட புரதங்களும் செக் வாசல் வழியாத்தான் போகுது. எல்லாப் பாக்டீரியாவுலயும் இருக்கிற, நம்ம செல்லுலயும் உறவுக்காரன் இருக்கிற பழைய வாசல். 2004-ல அதோட கட்டமைப்பு வந்தப்போ பார்த்தா மணற்கடிகாரம் மாதிரி, இடுப்புல ஒரு அடைப்பான். அதுவும் நூலைத்தான் விடும், தேசிக்காயை விடாது.

#23 கல்லடிப்பாலம்

சாமான் முடிஞ்சுது. ஆறு கால் தடியில செய்தது, 24 கம்பி ரெண்டு றிம்மிலயும், மேல 15 ஐஸ்கிறீம் குச்சி. துவாரத்துக்குள்ளால சிவப்பு நூல்கயிறு. அதின்ர வால்ல ஒரு பச்சை ரெனிஸ் பந்து கட்டியிருக்கு, உறைபனி சொன்ன அந்தப் பீப்பாய். பார்க்க வாறவை ஊசி நுனியில பிடிச்சு இழுக்க, கயிறு ஓடி வந்து அடியில பந்து "டொக்" எண்டு மாட்டும். தேசிக்காயும் பக்கத்தில ஒரு தட்டில இருக்குது. நேற்று ஒரு அப்பா பலமா இழுத்து ஒரு றிம் கழண்டிட்டுது. பசை காயுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு எழுதி வைச்சிருக்கிறம்.

#24 சந்தேகப்பிராணி

இழுக்க விட்டால் கழரத்தான் செய்யும். தள்ளச் சொல்லுங்கள்.